ஜாதிக்காய் தரும் பாடம்: மூலக்கூறு உயிரியலும் வணிகமும் ஒரே பட்டத்தில்

பினாங்குத் தீவின் மேற்கே உள்ள பாலிக் பூலாவுக்குப் போய் வருகிறவர்கள் ஜாதிக்காயைக் காணாமல் திரும்புவதில்லை. ஊறுகாயாகவும், சர்க்கரையில் ஊறிய துண்டுகளாகவும், சாறாகவும், வலிக்குத் தடவும் தைலமாகவும் அது விற்கப்படுகிறது. ஆனால் அந்த மரத்தைப் பற்றிய ஒரு செய்தி வாங்குகிறவர்களில் பலருக்குத் தெரியாது. ஜாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காய்ப்பது பெண் மரம். விதையிலிருந்து முளைக்கும் கன்று ஆணா பெண்ணா என்பது அது பூக்கும் வரை தெரியாது. பூப்பதற்கு ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் பிடிக்கும். முளைப்பவற்றில் ஏறத்தாழப் பாதி ஆணாக இருக்கும். மகரந்தத்திற்குப் பத்துப் பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் போதும்.

நூறு கன்று நட்டு, உரம் போட்டு, களை பறித்து, ஏழாண்டு காத்திருந்தவர், அவற்றில் நாற்பதுக்கு மேல் காய்க்காத மரம் என்று அறியும் நாளை எண்ணிப் பாருங்கள். அந்த நாளில் இரண்டு கேள்விகள் எழும். ஏழாண்டில் எவ்வளவு பணம் வீணாயிற்று என்பது வணிகரின் கேள்வி. ஆண் பெண் வேறுபாடு கன்றின் இலையிலேயே, அதன் மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறதா என்பது உயிரியலாளரின் கேள்வி. இரண்டும் ஒரே கன்றைப் பற்றிய கேள்விகள்தாம். ஆனால் கேட்பவர்கள் வெவ்வேறு கட்டடங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெண் மரத்தின் கிளையை எடுத்து ஒட்டுக்கட்டும் வழியைக் கண்டு தம் இழப்பைக் குறைத்துக் கொண்டவர்கள், இரண்டு கேள்வியையும் தாமே சுமந்த விவசாயிகள்.

மூலக்கூறு உயிரியலையும் வணிக நிர்வாகத்தையும் ஒரே இளநிலைப் பட்டத்தில் படிக்கலாமா, படித்தால் பயனுண்டா என்ற கேள்வி பல குடும்பங்களில் எழுகிறது. எஸ்டிபிஎம் தேர்விலோ மெட்ரிகுலேஷனிலோ உயிரியலில் நல்ல புள்ளி வாங்கிய பிள்ளைக்கு வீட்டில் தெரிந்த பாதை ஒன்றே ஒன்று: மருத்துவம். அது கிடைக்காவிட்டால் ஏதோ இழந்துவிட்டது போன்ற முகம். அறிவியலும் வணிகமும் சேர்ந்த படிப்பு என்றால், 'இது அதுவுமில்லை, இதுவுமில்லை' என்ற தயக்கம். இந்தத் தயக்கத்துக்கு விடை சொல்ல வெளியூர்க் கதை மட்டும் போதாது. பினாங்கின் வரலாறே அந்த விடையை எழுதி வைத்திருக்கிறது.

கம்பெனியின் தோட்டம்

1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார். அக்காலத்தில் ஜாதிக்காய் வணிகம் டச்சுக்காரர்களின் பிடியில் இருந்தது. ஜாதிக்காயின் தாயகம் மலுக்குத் தீவுகளைச் சேர்ந்த பண்டா. வெளியே விற்கும் கொட்டை எங்கும் முளைத்துவிடக் கூடாது என்பதற்காக டச்சுக்காரர்கள் அதைச் சுண்ணாம்பில் தோய்த்து அனுப்பினார்கள். ஒரு விதையின் முளைக்கும் சக்தியைக் கட்டுப்படுத்துவதே விலையைக் கட்டுப்படுத்தும் வழி என்று அவர்கள் கருதினார்கள். உயிரியலும் வணிகமும் கைகோத்து நடந்த பழைய கதை அது.

1796இல் ஆங்கிலேயர் மலுக்குத் தீவுகளைக் கைப்பற்றினர். கம்பெனி அங்கே அனுப்பிய முக்கியமான ஆட்களுள் ஒருவர் தாவரவியலாளர் கிறிஸ்டோபர் ஸ்மித். அவர் ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளைப் பெருமளவில் திரட்டிக் கப்பலில் பினாங்குக்கு அனுப்பினார். பின்னர் பினாங்கில் அமைந்த வாசனைத் தோட்டத்துக்கும் அவரே பொறுப்பேற்றார். செடியறிந்தவரும் கணக்கறிந்தவரும் ஒரே முதலாளியின் கீழ் வேலை செய்ததால்தான் இத்தனையும் நடந்தது.

ஆனால் அந்தக் கூட்டு நெடுநாள் நிலைக்கவில்லை. மரம் காய்ப்பதற்குள் கணக்குப் பார்த்தவர்களின் பொறுமை தீர்ந்தது. செலவு கூடுகிறது, வரவு இல்லை என்று சொல்லி 1805இல் கம்பெனி தன் தோட்டத்தை விற்றுவிட்டது. ஜாதிக்காய் பூக்க எத்தனை ஆண்டாகும் என்பதை உணர்ந்த ஒருவர் அந்தக் கணக்குப் புத்தகத்தை எழுதியிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம். பின்னர் தனியார் தோட்டங்கள் பெருகின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ஜாதிக்காய் மோகம் பிடித்தது. 1860ஐ ஒட்டி மரங்களை நோய் தாக்கியது. காரணம் தெரியாத நோய், கடன் வாங்கி நட்டவர்களைக் கவிழ்த்தது. இம்முறை கணக்கு இருந்தது, உயிரியல் இல்லை. அரை நூற்றாண்டுக்குள் ஒரே பயிர் இரண்டு பக்கமும் பாடம் நடத்திவிட்டது.

தண்ணீர்மலைக்குத் தைப்பூசத்துக்குப் போகும் பக்தர்கள் கடந்து செல்லும் பினாங்குத் தாவரவியல் பூங்காவும் இந்தக் கதையைச் சேர்ந்ததுதான். 1884இல் சார்லஸ் கர்ட்டிஸ் பொறுப்பில் அது தொடங்கியபோது, அழகுக்கான பூங்காவாக மட்டும் அமையவில்லை. எந்தப் பயிர் இம்மண்ணில் காசாகும் என்று சோதித்துப் பார்க்கும் இடமாகவும் அது இருந்தது.

பால்மரத்தடியில் மூன்று பேர்

அடுத்து வந்தது ரப்பர். பிரேசிலில் திரட்டப்பட்ட விதைகள் 1876இல் லண்டனின் கியூ பூங்காவை அடைந்தன. அங்கிருந்து மறுவருடம் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888இல் சிங்கப்பூர்ப் பூங்காவுக்கு வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். பிறகுதான் மலாயா முழுவதும் ரப்பர்த் தோட்டமாயிற்று. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தமிழர்கள் பினாங்கில் இறங்கினார்கள். பலருக்கு இந்நாட்டின் முதல் தரிசனம் ஜெரேஜாக் தீவின் தடுப்பு முகாம்.

அந்தத் தோட்டத்தில் மூன்று வகை அறிவு இருந்தது. முதலாவது, பால்மரம் சீவியவரின் அறிவு. எவ்வளவு ஆழம் சீவினால் பால் வரும், எவ்வளவு ஆழத்தில் மரம் காயப்படும், எந்த மழைக்குப் பின் பால் நீர்க்கும் என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரியும். இரண்டாவது, கணக்கு அறிவு. அது கிராணியாரின் புத்தகத்திலும், துரையின் அலுவலகத்திலும், லண்டன் சந்தை விலையிலும் இருந்தது. பினாங்குத் தெருவின் கிட்டங்கிகளில் செட்டியார் வீட்டுப் பையன்கள் சிறுவயதிலேயே வட்டிக் கணக்கும் பேரேடும் கற்றார்கள். அந்நாளைய வணிகக் கல்லூரி என்று அந்தக் கிட்டங்கிகளைச் சொன்னால் தவறாகாது. மூன்றாவது, விஞ்ஞான அறிவு. 1925இல் தொடங்கிய மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் அது வளர்ந்தது. அதிகப் பால் தரும் மரங்களைத் தேர்ந்தெடுத்து ஒட்டுக்கட்டி உருவாக்கிய வகைகள் அந்தக் கழகத்தின் பெயராலேயே உலகெங்கும் பரவின.

மூன்று அறிவும் ஒரே மரத்தைச் சுற்றி நின்றன. ஆனால் மூன்றும் ஒரு தலைக்குள் சேரவில்லை. மரம் சீவியவர் பால் வாளியை நிறுவைக்குக் கொண்டு போனார். அங்கே எழுதப்பட்ட எண் எப்படி வந்தது, அந்தப் பால் எந்த நாட்டில் எந்தப் பொருளாகிறது, அதன் விலையை யார் வைக்கிறார்கள் என்பது அவருக்குச் சொல்லப்படவில்லை. அவருக்கு அறிவு குறைவு என்று யாரும் எண்ண வேண்டாம். அவருடைய அறிவுக்கும் விலைக்கும் நடுவே ஒரு கதவு இருந்தது. அதன் சாவி வேறொருவர் இடுப்பில் தொங்கியது.

அந்தக் கதவைத் தட்டிய முயற்சி ஒன்றும் உண்டு. வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது தொழிலாளர்கள் வீடிழந்து நின்றார்கள். 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று, தொழிலாளரிடம் பத்து வெள்ளி தவணையாகப் பங்குப் பணம் திரட்டி, அவர்களையே தோட்டத்தின் பங்குதாரர்களாக்கும் திட்டம் அது. மரம் சீவியவருக்குப் பங்குச் சான்றிதழ் கிடைத்தது. உழைப்புக்கும் உடைமைக்கும் இடையே பாலம் போடலாம் என்பதற்கு அது சான்று.

ஒரு தொலைபேசி அழைப்பு

இந்தக் கட்டத்தில் சற்றுத் தொலைவு போக வேண்டியிருக்கிறது. உயிரியலும் வணிகமும் சேர்ந்த படிப்பு என்ற எண்ணம் எங்கே பிறந்தது என்று தேடினால், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1976இல் நடந்த ஒரு சந்திப்பில் போய் நிற்கும்.

ஒருவகை உயிரின் மரபணுத் துண்டை வெட்டி இன்னொன்றில் ஒட்டலாம் என்பதை 1973இல் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் போயரும் காட்டினார்கள். அதைப் படித்த ராபர்ட் சுவான்சன் என்ற 28 வயது இளைஞர் போயரைத் தொலைபேசியில் அழைத்தார். பத்து நிமிடம் தருகிறேன் என்றார் பேராசிரியர். பேச்சு மூன்று மணி நேரம் நீண்டது. ஆளுக்கு 500 டாலர் போட்டு அதே ஆண்டு ஏப்ரலில் ஜெனென்டெக் நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

பேராசிரியரை அசைக்க அந்த இளைஞரால் எப்படி முடிந்தது? சுவான்சன் எம்ஐடி கழகத்தில் வேதியியல் பட்டமும் நிர்வாகவியல் முதுகலைப் பட்டமும் பெற்றவர். பேராசிரியர் பேசிய மொழியும் அவருக்குப் புரிந்தது, பணம் போடுகிறவர்கள் கேட்கும் கேள்வியும் அவருக்குத் தெரிந்தது. இரண்டு மொழி தெரிந்த ஒருவர் இருந்ததால் ஒரு தொழில்துறையே பிறந்தது.

அதன் பயன் என்ன? அதுவரை நீரிழிவு நோயாளிகளுக்கான இன்சுலின் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. 1978இல் ஜெனென்டெக் குழுவினர் மனித இன்சுலினைப் பாக்டீரியாவுக்குள் உருவாக்கினார்கள். 1982இல் எலி லில்லி நிறுவனத்தின் வழி அது மருந்தாக அங்கீகாரம் பெற்றது. மலேசியாவில் இனவாரியாகப் பார்க்கையில் நீரிழிவு அதிக விகிதத்தில் காணப்படுவது இந்தியர்களிடையே என்பதைத் தேசியச் சுகாதார ஆய்வுகள் காட்டி வருகின்றன. அப்படியானால் அந்தத் தொலைபேசி அழைப்பின் பலன் பல வீடுகளின் குளிர்பதனப் பெட்டியில் இன்று இருக்கிறது என்று சொல்லலாம்.

பின்னர் பல பல்கலைக்கழகங்கள் இதைப் படிப்பாகவே வகுத்தன. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 2000களின் நடுவில் தொடங்கிய உயிர் அறிவியல், நிர்வாக இணைப்புப் படிப்பு அவற்றுள் பெயர் பெற்றது. அதில் சேரும் இளநிலை மாணவர் உயிரியலில் ஒரு பட்டமும், வார்ட்டன் வணிகப் பள்ளியில் ஒரு பட்டமும் சேர்த்துப் பெறுகிறார். அதற்கு நன்கொடை அளித்தவர் ராய் வாகலோஸ். அவரைப் பற்றிக் கட்டுரையின் பிற்பகுதியில் காணலாம்.

பப்பாளிப் பாலில் தொடங்கியவர்

ஆசியாவில் இதற்கு நேரான எடுத்துக்காட்டு பெங்களூரின் கிரண் மஜும்தார் ஷா. விலங்கியலில் பட்டம் பெற்று, ஆஸ்திரேலியாவில் நொதித்தல் தொழில்நுட்பம் படித்துத் திரும்பியவர். அந்தத் தொழிலில் பெண்ணுக்கு இந்தியாவில் வேலை தர ஆளில்லை. 1978இல் பத்தாயிரம் ரூபாய் முதலில் பயோகான் நிறுவனத்தைத் தொடங்கினார். இளம் பெண், பெயரே கேள்விப்படாத தொழில் என்று வங்கிகள் தயங்கின. முதலில் அவர் தயாரித்து ஏற்றுமதி செய்த பொருள்களில் ஒன்று பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கப்படும் பப்பைன் என்ற நொதி. பப்பாளி மரம் யார் வீட்டுக் கொல்லையில் இல்லை? அதன் பாலில் ஒரு நொதி இருக்கிறது என்பது உயிரியல். அதற்கு வெளிநாட்டில் வாங்குவோர் இருக்கிறார்கள் என்பது வணிகம். அந்த நிறுவனம் வளர்ந்து இன்சுலின் தயாரிப்பில் இறங்கி, பின்னாளில் மலேசியாவின் ஜொகூரிலேயே இன்சுலின் ஆலை கட்டியது.

பினாங்கின் இரண்டு பாதைகள்

இனி மீண்டும் பினாங்கு. 1969இல் இத்தீவில் இரண்டு செயல்கள் தொடங்கின. அவ்வாண்டு முதலமைச்சரான டாக்டர் லிம் சொங் இயூ வேலையில்லாத் திண்டாட்டத்தைப் போக்க வெளிநாட்டுத் தொழிற்சாலைகளைத் தேடினார். 1972இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் உருவானது. இன்டெல் போன்ற மின்னணு நிறுவனங்கள் வந்தன. ஜெர்மனியின் பி. பிரவுன் மருத்துவக் கருவி நிறுவனமும் அதே ஆண்டுகளில் பினாங்கில் கால் ஊன்றியது. இன்று மருத்துவக் கருவி உற்பத்தியில் பினாங்குக்கு உள்ள இடத்துக்கு அன்று போட்ட விதை காரணம்.

அதே 1969இல் தொடங்கப்பட்டது இப்போது மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் என அழைக்கப்படும் யுஎஸ்எம். பிரிட்டிஷ் படையினர் விட்டுச் சென்ற மிண்டன் முகாம் அதன் வளாகமாயிற்று. பழைய பல்கலைக்கழகங்களைப் போலத் துறைகளை ஒன்றோடொன்று ஒட்டாத பீடங்களாக வைக்காமல், மாணவர் தம் பாடத்துக்கு வெளியேயும் கற்க வழிவிடும் 'புலங்கள்' என்ற அமைப்பை அது தேர்ந்தெடுத்தது. உயிரியல் மாணவர் வேறு புலத்தின் வகுப்பறைக் கதவையும் தட்டலாம் என்ற எண்ணம் அந்தப் பல்கலைக்கழகத்தின் அடித்தளத்திலேயே இருந்தது.

அதன் கிளந்தான் வளாகத்தில் பேராசிரியர் அஸ்மா இஸ்மாயில் தைபாய்டு காய்ச்சலை விரைந்து கண்டறியும் முறையை ஆராய்ந்தார். கிருமியின் வெளிச்சவ்விலுள்ள ஒரு புரதத்தைக் கொண்டு, நோயாளியின் இரத்தத்தில் அதற்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பதே அந்த முறை. கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்குப் பல நாள் பிடிக்கும். இதற்குச் சில மணி நேரம் போதும். 1990களில் 'டைபிடாட்' என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. ஆய்வுக்கூடத்தில் பிறந்த மலேசியக் கண்டுபிடிப்பு விலைப்பட்டியலில் ஏறியது அன்றைய நாளில் அரிய செய்தி. 2003இல் யுஎஸ்எம் மூலக்கூறு மருத்துவ ஆய்வுக் கழகத்தை அமைத்தது. அஸ்மா பின்னாளில் யுஎஸ்எம்மின் முதல் பெண் துணைவேந்தரானார். அதே கழகத்தின் பேராசிரியர் ரஹ்மா நோர்டின் யானைக்கால் நோயின் ஒரு வகையைக் கண்டறியும் 'புருகியா ரேப்பிட்' சோதனையை உருவாக்கினார். அந்நோயை ஒழிக்க 2000இல் தொடங்கிய உலகத் திட்டத்தில் அது பயன்பட்டது.

ரப்பர் கதையும் இங்கே ஒரு சுற்று முடிக்கிறது. பப்பாளியின் மரபணுத் தொகுதியை வாசித்த குழுவில் முன்னின்ற வங்காளதேச விஞ்ஞானி மக்சுதுல் ஆலம், யுஎஸ்எம்மின் வேதி உயிரியல் மையத்துக்குப் பொறுப்பேற்றார். 2009இல் ரப்பர் மரத்தின் மரபணுத் தொகுதியின் முதல் வரைவு அறிவிக்கப்பட்டது. 2013இல் அது ஆய்விதழில் வெளியானது. வாசிக்கப்பட்ட மரம் ஆர்ஆர்ஐஎம் 600 என்ற வகை. தோட்டங்களில் தமிழர் கைகள் எத்தனையோ காலைகளில் சீவிய அதே வகை! அந்த ஆய்வு நடந்த மையமும் பாயான் லெப்பாஸ் பகுதியிலேயே இருந்தது. சிப்பு செய்யும் ஆலைகளும் மரபணு வாசிக்கும் ஆய்வகமும் ஒரே வட்டாரத்தில் அமைந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போகத் தெரிந்த ஆள்தான் தேவைப்பட்டார்.

கட்டடம் முதலா, ஆள் முதலா?

நாட்டின் கொள்கையும் இந்தத் தேவையை உணராமல் இல்லை. 2003இல் அறிமுகமான பயோவேலி திட்டம் டெங்கிலில் பெரும் வளாகம் கட்ட முனைந்தது. அது நினைத்தபடி எழவில்லை. 2005 ஏப்ரலில் பினாங்கு மண்ணின் மைந்தரான பிரதமர் அப்துல்லா அகமது படாவி தேசிய உயிர்த் தொழில்நுட்பக் கொள்கையை வெளியிட்டார். புதிய வளாகத்துக்குப் பதிலாக, ஏற்கெனவே இருக்கும் ஆய்வு நிலையங்களை இணைக்கும் வலைப்பின்னல் முன்வைக்கப்பட்டது. கொள்கைக்கு மூன்று கட்டங்கள். 2011 முதல் 2015 வரையிலான இரண்டாம் கட்டத்துக்கு வைத்த பெயரே 'அறிவியலிலிருந்து வணிகத்துக்கு' என்பதாகும்.

கொள்கை வந்ததும் உயிர்த் தொழில்நுட்பப் படிப்புகள் பெருகின. மஇகாவின் கல்விக் கரமான எம்ஐஇடி 2001இல் தொடங்கிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம், பினாங்குக்கு வடக்கே கெடாவின் செமிலிங்கில், உயிர்த் தொழில்நுட்பமும் வணிகமும் கற்பிக்கும் பீடங்களை ஒரே வளாகத்தில் வைத்திருக்கிறது. ஆனால் பட்டம் பெற்ற பிள்ளைகளில் பலர் துறைக்குத் தொடர்பில்லாத வேலைக்குப் போனார்கள் என்ற மனக்குறையும் பரவலாகக் கேட்டது. ஏன் அப்படி? ஆய்வுக்கூட மேசையில் நிற்கப் பயிற்சி பெற்றவர்கள் பலர். அந்த மேசைக்கும் மருத்துவமனைக் கொள்முதல் அலுவலகத்துக்கும் இடையே உள்ள பாதை தெரிந்தவர்கள் சிலர். கட்டடத்தைக் கட்டிவிட்டால் ஆள் வந்துவிடுவார் என்ற நம்பிக்கை, பூக்கும் காலம் தெரியாமல் ஜாதிக்காய் நட்ட கம்பெனியின் நம்பிக்கையைப் போன்றது.

அந்தப் பாதையில் என்னதான் இருக்கிறது? ஒரு சோதனைக் கருவியை எடுத்துக் கொள்ளலாம். புரதம் வேலை செய்கிறது என்று ஆய்வகத்தில் தெரிந்துவிட்டது. உடனே கட்டுரையாக வெளியிட்டால் ஐரோப்பாவில் காப்புரிமை கிடைக்காது. முதலில் விண்ணப்பம், பிறகு கட்டுரை. இதை அறியாமல் தம் கண்டுபிடிப்பைத் தாமே இலவசமாக்கிவிடும் ஆய்வாளர்கள் உண்டு. அடுத்து, ஆய்வகத்தில் பத்துக் கருவி செய்வது வேறு, பத்தாயிரம் செய்வது வேறு. வெயிலிலும் மழையிலும் கிராம மருந்தகத்தின் அலமாரியில் அது எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என்று சோதிக்க வேண்டும். மலேசியாவில் 2012ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டத்தின்படி பதிவு செய்ய வேண்டும். கடைசியில், ஏழை நாட்டின் சுகாதார அமைச்சு கொடுக்கக்கூடிய விலைக்குள் அது அடங்க வேண்டும். இவற்றில் ஒன்றையும் வெறும் உயிரியல் சொல்லித் தராது. வெறும் வணிகப் படிப்பும் சொல்லித் தராது. புரதம் ஏன் வெயிலில் கெடுகிறது என்று தெரியாதவரால் அதன் சேமிப்புச் செலவைக் கணக்கிட முடியாது.

அரைக்கிணறு தாண்டும் ஆபத்து

இதில் ஓர் எதிர்வாதம் உண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது. மூன்று நான்கு ஆண்டுகளில் இரண்டையும் கற்கப் போனால் இரண்டிலும் அரைகுறையாகிவிடாதா? இந்த அச்சம் நியாயமானது. வணிகப் பேச்சு மட்டும் வளர்ந்து உயிரியல் பின்தங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் தெரானோஸ் நிறுவனம் சாட்சி. விரல் நுனியில் எடுக்கும் சில துளி இரத்தத்தில் ஏராளமான சோதனைகளைச் செய்யலாம் என்று சொல்லி, 2003இல் தொடங்கிய அந்த நிறுவனம் பெரும் முதலீட்டைத் திரட்டியது. கருவி சொன்னபடி வேலை செய்யவில்லை. தவறான முடிவுகள் நோயாளிகளின் கைக்குப் போயின. அதன் நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸ் 2022 ஜனவரியில் முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். அவருடைய பேச்சுத் திறமையில் குறையில்லை. ஆய்வக மேசைதான் காலியாக இருந்தது.

ஆகவே இத்தகைய படிப்பைத் தேடும் மாணவரும் பெற்றோரும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். முதலாவது, உயிரியலும் வேதியியலும் புள்ளியியலும் அதில் முழுமையாக இருக்கின்றனவா, ஆய்வக வேலை குறைக்கப்பட்டிருக்கிறதா என்று பாடத்திட்டத்தைப் பார்ப்பது. இரண்டாவது, மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனமான எம்கியூஏயின் அங்கீகாரம் உண்டா என்று உறுதி செய்வது. மூன்றாவது, தொழிற்பயிற்சி எங்கே, எத்தனை மாதம் என்று கேட்பது. இணைப்புப் பட்டம் கிடைக்காவிட்டாலும் கதவு மூடிவிடவில்லை. உயிரியலை முதன்மைப் பாடமாகவும், கணக்கியலையோ நிர்வாகத்தையோ துணைப்பாடமாகவும் எடுக்க இடம் தரும் பல்கலைக்கழகத்தைத் தேடலாம். சுவான்சனும் இரண்டு பட்டங்களைத் தனித்தனியாகப் பெற்றவர்தான்.

விலையில்லா மருந்து

இனி ராய் வாகலோஸ். கிரேக்கத்திலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் அவர் குடும்பத்தார் நடத்திய சிற்றுண்டிக் கடைக்கு அருகிலிருந்த மெர்க் மருந்து நிறுவனத்து விஞ்ஞானிகள் சாப்பிட வருவார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு வளர்ந்த பையன் வேதியியலும் மருத்துவமும் படித்து, உயிர்வேதியியல் ஆய்வாளராகி, 1985இல் அதே மெர்க் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார்.

அந்நிறுவனத்திடம் ஐவர்மெக்டின் என்ற மருந்து இருந்தது. கால்நடைகளுக்கு விற்று நல்ல லாபம் கண்ட மருந்து அது. ஆப்பிரிக்காவில் ஆற்றோர மக்களின் கண்ணைப் பறித்த ஒட்டுண்ணி நோய்க்கும் அது பலன் தந்தது. ஆனால் அந்த மக்களிடம் வாங்கப் பணமில்லை. 1987இல், தேவைப்படும் காலம் வரை அந்நோய்க்கு அந்த மருந்தை இலவசமாகத் தருவோம் என்று மெர்க் அறிவித்தது. 1998இல் யானைக்கால் நோய்க்கும் அந்தத் திட்டம் விரிந்தது. பினாங்கின் பல்கலைக்கழகத்தில் உருவான சோதனைக் கருவியும், வாகலோஸ் விலை வைக்காமல் விட்ட மருந்தும் ஒரே நோயை எதிர்த்த போரில் கருவிகளாயின. உயிரியல் மட்டும் தெரிந்தவராக இருந்திருந்தால் அந்த மருந்து பலிக்கும் என்று அவர் சொல்லியிருப்பார். வணிகம் மட்டும் தெரிந்தவராக இருந்திருந்தால் சந்தை இல்லை என்று கோப்பை மூடியிருப்பார். இரண்டும் தெரிந்ததால், இந்த இழப்பை நிறுவனம் தாங்கும் என்று கணக்கிட்டுச் சொல்லும் துணிவு அவருக்கு வந்தது.

இணைப்புப் படிப்பின் உண்மையான பயன் அதுதான். கண்டுபிடித்தவருக்கும் விற்பவருக்கும் இடையே நிற்பவர், பலன் யாருக்குப் போகிறது என்பதை முடிவு செய்யும் இடத்தில் நிற்கிறார். டச்சுக்காரர்கள் அந்த இடத்தில் நின்று விதையைச் சுண்ணாம்பில் தோய்த்தார்கள். வாகலோஸ் அதே இடத்தில் நின்று மருந்தை இலவசமாக்கினார். இடம் ஒன்றே. நின்றவர்கள் வேறு.

பால் வாளி சுமந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று மரபணுவை வாசிக்கக் கற்கிறார்கள். தாத்தாவுக்கும் விலைக்கும் நடுவே இருந்த கதவு, பேத்திக்கும் அவள் கண்டுபிடிப்புக்கும் நடுவே மீண்டும் வரக் கூடாது. தேர்வு முடிவு வரும் நாளில், மருத்துவம் கிடைக்கவில்லையே என்று வாடிய முகத்தோடு நிற்கும் பிள்ளையிடம் பெற்றோர் இந்தக் கதையைச் சொல்லலாம். அடுத்த விடுமுறையில் பாலிக் பூலாவுக்கு அழைத்துப் போய் ஒரு ஜாதிக்காய்க் கன்றைக் காட்டலாம். 'இது ஆணா, பெண்ணா? தெரியாததால் நட்டவருக்கு எவ்வளவு நஷ்டம்?' என்ற இரண்டு கேள்வியையும் அந்தப் பிள்ளை ஒரே மூச்சில் கேட்டால், அதன் படிப்பு அங்கேயே தொடங்கிவிட்டது.